அப்பத்தின் ஓரத்தில் இருப்பவர்கள்: அபிவிருத்தி வேலைகளும் எங்கள் நன்னீரும்

குருநகரில் கிணறுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் நல்ல தண்ணீர் இல்லை. பல தலைமுறைகளாக இங்குள்ள கிணறுகள் குளிக்கவும் பாத்திரம் கழுவவுமே உதவி வந்தன. குடிக்கும் தண்ணீர் கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிணறுகளில் இறைக்கப்பட்டு, குழாயிலும் பவுசரிலும் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து நகரப் பக்கம் வந்த தோட்டக்காரக் குடும்பங்கள், வாழ்க்கையில் முதன்முதலாகத் தண்ணீருக்கு வரிசையில் நின்றன. ஊரில் செம்மண் தோட்டமும் சொந்தக் கிணறும் இருந்தவர்கள் அவர்கள். மிசினைப் போட்டால் வாய்க்கால் நிறையும். தண்ணீருக்கு அளவு உண்டு என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை.

வரிசையில் நின்ற அந்த நாட்களில் அவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். வலிகாமத்தில் யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்பது குருநகரின் குடத்தில் தெரியும். அதுபோலவே தெல்லிப்பழைப் பக்கம் பெய்யும் மாரிமழை வழுக்கையாறாக ஓடி, அராலியில் கடனீரேரியில் கலக்கிறது. அந்த நீர் வழியில் எதை அள்ளிக்கொண்டு வந்தாலும், அது கடைசியில் கடற்றொழிலாளரின் வலைக்குள்தான் வரும். மேட்டுத் தோட்டமும் கடற்கரையும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

அபிவிருத்தி வேலை ஒன்று தொடங்குமுன், அது நீருக்கும் நீரில் வாழ்வனவற்றுக்கும் நீரை நம்பி வாழ்வோருக்கும் என்ன செய்யும் என்று முன்கூட்டியே கணித்துப் பார்ப்பதைச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று சொல்கிறார்கள். இது பொறியியலாளரின் வேலை, எங்களுக்கு என்ன இதில் என்று நினைக்க வேண்டாம். நாட்டின் பல திட்டங்களை எடுத்துப் பார்த்தால், நிபுணர் விட்ட இடத்தைக் கமக்காரரும் கடற்றொழிலாளரும்தான் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

தண்ணீர் எப்படி நிற்கிறது?

முதலில் எங்கள் நிலத்தை விளங்கிக்கொள்வோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே எங்கள் முதல். அது செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, கீழே உள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. அந்தக் கல்லுக்குள் ஏற்கெனவே கடல்நீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் அது கடல்நீரின் மேல் மிதக்கிறது.

மிதக்கும் இந்த நீரின் உருவத்தை அறிய வேண்டுமானால் ஓர் அப்பத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. குடாநாட்டின் நடுப்பகுதி அப்பத்தின் நடு. குருநகர் போன்ற கரையோர இடங்கள் அதன் ஓரம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அப்பத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்க்கும் இடம் அது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மனியர் ஒருவரும் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தனித்தனியாகக் கண்டறிந்தது அது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரமானது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 அடி உயர்ந்துவிடும். கிணற்றில் ஓர் அடி இறங்கியதை நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. கீழே நடப்பது கண்ணுக்குத் தெரிவதுமில்லை. வெடிப்பும் குகையும் உள்ள எங்கள் கல்லில் கணக்கு இவ்வளவு ஒழுங்காக வராது. சில இடங்களில் உவர் இன்னும் விரைவாகவே ஏறிவிடும்.

ஆற்றுநாட்டில் அணை கட்டினால் தண்ணீர் தேங்குவதை அடுத்த மாரியிலேயே காணலாம். எங்கள் நாட்டில் ஒரு வேலையின் விளைவு வேலை நடந்த இடத்தில் வெளிப்படுவதில்லை, வேறோர் ஊரில் சில ஆண்டுகள் கழித்து வெளிப்படும். அப்போது காரணத்தைக் காட்ட யாரிடமும் ஆதாரம் இருக்காது. மதிப்பீடு என்பது எங்களுக்கு இவ்வளவு அவசியமாவது இதனால்தான்.

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு

கடனீரேரிகளை நன்னீராக்கும் யோசனை ஒல்லாந்தர் காலத்திலிருந்து பேசப்பட்டு வந்தது. அதை ஒரு முழுத் திட்டமாக 1954இல் எழுதி முன்வைத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரிநீர் ஆனையிறவுக் கடனீரேரியில் சேர்ந்து, வீணாகக் கடலுக்குப் போகிறது. கடல் வாய்களை அணைகட்டி மறித்து அந்த நீரைத் தேக்கலாம். முள்ளியான் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்குள் விடலாம். அங்கிருந்து உப்பாற்றுக்கும் போகும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு வைத்த தடுப்பணைகள் உவர்நீரை உள்ளே விடாமல் காக்கும். ஆண்டாண்டாகச் சுற்றவர உள்ள நிலத்தின் உப்பு கழுவப்பட்டு, கிணறுகள் நல்ல நீராகும். இதுவே அவரின் கனவு. அழகான கனவு என்று நாமும் சொல்வோம்.

தொண்டைமானாறு தடுப்பணை 1953இலேயே முடிந்திருந்தது. அரியாலை அணையும் 1950களில் கட்டப்பட்டது. ஆனையிறவுப் பக்கத்து அணைகளும் சுமார் 4 கிலோமீற்றர் நீளமான முள்ளியான் வாய்க்காலும் 1960களில் தொடங்கப்பட்டு முழுமை பெறாமல் நின்றன. பின்பு போர் வந்தது, கதவுகள் பழுதாகின. போருக்குப் பின்னரும் திட்டம் அவ்வப்போது எழுப்பப்படுகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் எழுப்பப்படுகிறது என்றால் பிழையில்லை.

இத்திட்டத்தை நாங்கள் மதிப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். நல்லது எது என்பது எளிதில் தெரிகிறது: கரையோர வயல்களின் உவர் குறையும், கிணறுகளுக்கு ஊறும். ஆனால் இறால் கடலில் பிறந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாகக் கடனீரேரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகும் சீவன். கதவு மூடியிருந்தால் அது வராது. கமக்காரர் கதவை மூடி வைக்கக் கேட்பர். கடற்றொழிலாளர் இறால் வரும் காலத்தில் திறக்கக் கேட்பர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கதவை எந்த மாதம் திறப்பது, எந்த மாதம் மூடுவது என்று இருவரும் உட்கார்ந்து தீர்மானிக்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

ஆனையிறவின் கிழக்குப் பக்கம் சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் அது. பூநாரைகள் இரை தேடுவது ஆழமற்ற உவர்நீரில். அந்த நீர் நன்னீரானால் அங்குள்ள பூச்சி, புழு, பாசி எல்லாம் மாறும். பறவையின் இரையும் மாறும். சிலர், மனிதருக்குத் தண்ணீர் இல்லாதபோது பறவைக்குக் கவலையா என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. ஆனால் பறவை உண்ணும் அதே இராலையும் மீனையும்தான் கரையோர மனிதரும் உண்கிறார்கள். பறவை வராமல் போவது நீரில் ஏதோ மாறிவிட்டதற்கான முதல் அறிவிப்பு. ஆனையிறவு உப்பளத் தொழிலாளரையும் மறக்கக் கூடாது. அவர்களுக்குத் தேவையானது உவர்நீர்.

இரணைமடுவும் தாளையடியும்

யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கான கடனை ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் அங்கீகரித்தது. இரணைமடுக் குளத்தின் நீரைக் குழாயில் யாழ்ப்பாணம் கொண்டுவருவதே முதல் எண்ணம். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். இரணைமடுவின் கீழ் காலபோகம் முழுதும் விளையும், சிறுபோகத்தில் ஒரு பகுதிக்கே நீர் கிடைக்கும், மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தாமும் இடம்பெயர்ந்து, எல்லாம் இழந்து, போர் முடிந்த பின் திரும்பி வந்தவர்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவரை இல்லை என்பதா என்று யாழ்ப்பாணத்தில் சிலர் கோபித்தனர். அந்தக் கோபத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. தலைநீரை எடுக்குமுன் அந்த நீரில் வாழ்பவரைக் கேட்பது மதிப்பீட்டின் முதற்படி. அதைப் பிந்திச் செய்ததால் ஆண்டுகள் வீணாகின.

கடைசியில் இரணைமடு கைவிடப்பட்டு, மருதங்கேணிப் பிரிவில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடிய அந்த நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இதனால் நிலத்தடி நீரின் பாரம் குறையும் என்பது பெரிய நன்மை. ஆனால் நன்னீரைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கடும் உப்புநீர் திரும்பக் கடலுக்கே போகிறது. அதைக் குறித்து அப்பகுதிக் கடற்றொழிலாளர் தொடக்கத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மின்சாரச் செலவும் ஆண்டாண்டாகத் தொடரும். ஓர் ஊரின் சுமை இன்னோர் ஊருக்கு மாற்றப்பட்டதா, உண்மையாகவே குறைந்ததா என்பதை அளந்து பார்க்க வேண்டியவர்கள் தாளையடிக் கரையில் வலை இழுப்பவர்கள்.

சுன்னாகத்துக் கிணறுகள்

சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களில் கிணற்றுநீரில் எண்ணெய் மிதப்பதாகச் சனங்கள் முறையிட்டார்கள். 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் அது பெரிய போராட்டமாயிற்று. கிணறுகள் மூடப்பட்டன. பவுசரில் தண்ணீர் வந்தது. செம்மண் தோட்டத்தின் நடுவில், குருநகரைப் போலவே, குடமும் வரிசையும்!

எண்ணெய் எங்கிருந்து வந்தது? போர்க்காலத்தில் பழைய எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து கசிந்ததா, பிந்திய மின்னுற்பத்தியிலிருந்து வந்ததா? ஒரு பரிசோதனை ஒன்றைச் சொல்ல, இன்னொன்று வேறொன்றைச் சொன்னது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில், அங்கு மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் கம்பனி பாதிக்கப்பட்டோருக்கு 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. கண்காணிக்க வேண்டிய அதிகாரசபை தன் கடமையில் தவறியதையும் அது சுட்டிக்காட்டியது.

முறைப்பாடு எழுந்ததிலிருந்து தீர்ப்பு வரை பல ஆண்டுகள். இவ்வளவு இழுபறிக்கும் ஒரு காரணம், முன்னர் அந்தக் கிணறுகளின் நீர் எப்படி இருந்தது என்பதற்கு ஒழுங்கான பதிவு இல்லாதது. முந்திய நிலை தெரியாவிட்டால், மாற்றத்தை நிரூபிக்க முடியாது. மதிப்பீட்டில் இதையே அடிநிலைத் தரவு என்கிறார்கள்.

சட்டம் என்ன தருகிறது?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988இல் திருத்தப்பட்டபோதுதான் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. எந்தெந்த வேலைகளுக்கு அது வேண்டும் என்று 1993 ஜூன் வர்த்தமானி குறித்தது. மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 30 நாட்களுக்குள் எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். காணி உறுதி தேவையில்லை, அந்த ஊரில் இப்போது வசிக்க வேண்டும் என்பதும் இல்லை. இடம்பெயர்ந்தவர்கள் இதைக் கவனிக்கவும். உங்கள் ஊரில் வேலை நடக்க, நீங்கள் வேறிடத்தில் இருந்தாலும் உங்கள் கடிதம் செல்லும்.

ஆனால் இந்த வர்த்தமானியை ஆற்றுநாட்டுக் கண்ணால் எழுதியிருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. நிலத்தடி நீரெடுப்பு நாளொன்றுக்கு 5 இலட்சம் கனமீற்றரைத் தாண்டினால்தான் மதிப்பீடு வேண்டும் என்கிறது. தாளையடி நிலையத்தின் அளவைப்போல் இருபது மடங்கு அது! எங்கள் அப்பத்திலிருந்து அப்படி எடுக்க எவராலும் முடியாது, முடிவதற்கு முன் உவர் வந்துவிடும். ஈரநிலத்தை நிரப்புவதானால் 4 ஹெக்ரேயருக்கு மேல் என்கிறது. அது எங்கள் கணக்கில் சுமார் 158 பரப்பு. ஊர்க்குளங்களில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. ஒவ்வொன்றாக நிரப்பி வீடும் கடையும் கட்டினால், சட்டத்தின் கண்ணில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் மாரியில் அந்தக் குளங்கள்தான் நீரைப் பிடித்து நிலத்துக்குள் இறக்கியவை. தவளையும் தும்பியும் கொக்கும் இருந்ததும் அங்கேதான். சட்டம் பார்க்காத இடத்தை ஊரவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரும்பிப் போகிறவர்களுக்கு

வலிகாமம் வடக்கில் சிலர் திரும்பிவிட்டீர்கள். சிலரின் காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை. திரும்புகிறவர்கள் வேலியும் பத்தையும் பார்க்கும் அதே கண்ணால் நீரையும் பார்க்க வேண்டும்.

காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றது. அதற்காகக் கல்லெடுத்த கிடங்குகள் கிடக்கின்றன. மழைநீரை வடித்துக் கொடுத்த செம்மண் அங்கே இல்லை. அந்தக் கிடங்குகளில் குப்பை கொட்டினால், அது நேரே எல்லோருடைய கிணற்றுக்கும் போட்டதாகும். வீடு கட்டும் அவசரத்தில் வழுக்கையாற்றின் கிளைகளையும் வெள்ளவாய்க்காலையும் மதிலால் மறித்துவிடாதீர்கள்.

மலசலகூடக் குழியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் அது போதும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, அடி மூடிய தாங்கியாகக் கட்டுவது நல்லது. நெருக்கமான முகாம்களில் குழியும் கிணறும் அருகருகே இருந்ததை நீங்களே கண்டிருக்கிறீர்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவில் பயிர் எடுக்காதது நைத்திரேற்றாக நீரில் இறங்குகிறது. வலிகாமக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருப்பதை ஆய்வாளர் 1980களிலிருந்தே காட்டி வருகின்றனர். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து, உடல் நீலம் பாரிக்கும். குழந்தை உள்ள வீட்டார் நீரைப் பரிசோதிப்பிக்காமல் விடக் கூடாது. பெரிய திட்டங்களைக் கேள்வி கேட்கும் நாங்கள் எங்கள் தோட்டத்துக்கும் அதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்.

இனி அந்த அடிநிலைப் பதிவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த ஊரின் கிணறுகளுக்கு யாரிடம் பதிவு இருக்கிறது? உங்கள் வீட்டு முதியவர்களின் ஞாபகத்தில்தான். கோடையில் துலாக்கயிறு எத்தனை முழம் இறங்கியது, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது சவர், எந்தக் குளத்தில் ஆடிவரை நீர் நின்றது, எந்த மீன் இருந்தது, எந்த மாதம் எந்தப் பறவை வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ஒரு கொப்பியை எடுத்து அருகில் இருந்து கேட்டு எழுதட்டும். ஆண்டைச் சரியாகச் சொல்ல முடியாவிட்டால், சூறாவளிக்கு முந்தியா பிந்தியா, மிசின் வந்த பிறகா என்று கேளுங்கள். பேத்தி கேட்டால் அம்மம்மா சொல்லாமல் விடமாட்டா. ஞாபகம் ஞாபகமாகவே இருக்கட்டும், அதை அளந்த கணக்கோடு கலந்து எழுத வேண்டாம். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று பக்கத்தில் குறித்தால் போதும்.

பிறகு இன்றைய அளவு. கல் கட்டிய கயிறொன்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். கிணற்றுக் கட்டின் ஒரே இடத்தில் மைபூசி, அங்கிருந்தே நீர்மட்டம்வரை அளவுங்கள். இறைக்கும் முன், அதிகாலையில் அளக்க வேண்டும். இறைத்த உடன் அளந்தால் கணக்குப் பிழைக்கும். ஆண்டில் இருமுறை போதும்: மாரி முடிந்து தை மாதக் கடைசியில் ஒருமுறை, கோடை உச்சத்தில் ஆவணியில் ஒருமுறை. திகதி, அளவு, அந்த ஆண்டு என்ன பயிர், நாளுக்கு எத்தனை மணித்தியாலம் மிசின் ஓடியது, ருசி எப்படி என்று ஒரு வரியில் எழுதுங்கள். தவளைக் குஞ்சும் தும்பியின் புழுவும் குளத்தில் உண்டா இல்லையா என்பதையும் சேருங்கள். ஐந்து வீடு சேர்ந்தால் ஓர் ஒழுங்கையின் நிலை தெரியும்.

கொப்பி ஒன்றை வீட்டில் வைத்து, பிரதி ஒன்றை வேறிடத்தில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். இடம்பெயர்ந்தபோது எத்தனை உறுதிகளும் பதிவுகளும் தொலைந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் ஒரு திட்டத்துக்கான அறிவித்தல் வந்து 30 நாள் எண்ணத் தொடங்கும்போது, பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியது அந்தக் கொப்பிதான். முதலாவது அளவை இந்த மாரி முடிந்ததும் எடுங்கள்.